மருத்துவரிடம் சொன்னது மற்றவருக்கேன்?



ஆறு திங்கள் மருந்துண்டு காசநோயை வென்றாள் ஒரு பெண். திருமணப் பேச்சு நடக்கும் வேளையில் அச்செய்தி மாப்பிள்ளை வீட்டாருக்கு எட்டுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். நோய் தீர்ந்தது, ஊர்ப்பேச்சு தீருமா? மருத்துவர் சொல்லவில்லை, தாய் சொல்லவில்லை. பின் யார்?

மருத்துவமனை ஏட்டிலே உறங்கிய குறிப்பு இன்று இரத்தப் பரிசோதனை நிலையத்திலே, காப்பீட்டு நிறுவனத்திலே, கணிப்பொறி ஒப்பந்தக்காரரிடத்திலே உலவுகிறது. அந்த மூன்றாமவரின் முகத்தையும் நாம் கண்டதில்லை!

எங்கோ நடப்பது அன்று இது. 2020 ஆகஸ்ட் 15-இல் தேசிய டிஜிட்டல் சுகாதார இயக்கம் அறிவிக்கப்பட்டபோது, வெள்ளோட்டத்துக்குத் தெரிந்தெடுக்கப்பட்ட ஆறு ஒன்றியப் பகுதிகளுள் புதுவையும் ஒன்று. அவ்வாறிலும் சட்டமன்றம் உடையது புதுவை மட்டுமே! திட்டம் ஆகஸ்டில்; நோயாளியின் தகவலை எவர் எப்படிக் கையாளுவது என்னும் கொள்கையோ டிசம்பரில். சோற்றைக் கொட்டிவிட்டு இலை தேடிய கதை!

2023-இல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. விதிகள் 2025 நவம்பரில் வெளியாயின. ஒப்பந்தக்காரர் தவறினாலும் பொறுப்பு மருத்துவமனையுடையதே என்கிறது சட்டம். நல்ல ஏற்பாடுதான், மறுக்கவில்லை. பாதுகாக்கத் தவறினால் 250 கோடி ரூபாய் வரை தண்டம்! யாருக்கு? இந்தியத் தொகுப்பு நிதிக்கு. மானமிழந்த பெண்ணுக்கு இழப்பீடாக ஒரு காசு தர அச்சட்டத்திலே வழியில்லை. நோய்க் குறிப்புக்கெனத் தனிக் காவலும் அதில் இல்லை; கடைக்காரரிடம் தந்த தொலைபேசி எண்ணும் அதுவும் ஒரே தட்டில்!

பிரெஞ்சு ஆட்சிக்குப் புகழ் பாட வந்தவனல்லேன். 1954 நவம்பர் முதல் நாள் அது கைமாறியதிலே மகிழ்ந்த ஊர் இது. ஆயினும் அந்நாட்டின் 1810-ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டம், 378-ஆம் பிரிவைப் பாருங்கள். மருத்துவர், மருந்தாளர், மருத்துவச்சி மட்டுமல்லர். தொழில் காரணமாக மறைபொருள் ஒப்படைக்கப்பட்ட பிறர் எவராயினும், அதை வெளியிட்டால் ஒரு மாதம் முதல் ஆறு மாதம் வரை சிறை! கணிப்பொறியைக் கனவிலும் காணாத காலத்தவர், மூன்றாமவரை மறக்கவில்லை.

புதுவை அரசு இன்றே செய்யக்கூடியது உண்டு. அரசு மருத்துவமனை போடும் ஒவ்வோர் ஒப்பந்தத்திலும், வேலை முடிந்ததும் படிகளை அழிக்கவேண்டும் என்றும், கசிந்தால் நோயாளிக்கு நேரே இழப்பீடு தரவேண்டும் என்றும் எழுதட்டும்! நம் குறிப்பு யார் யாரிடம் செல்கிறது என்னும் பெயர்ப்பட்டியல், புறநோயாளிச் சீட்டுத் தரும் சன்னலருகே தமிழிலே தொங்கட்டும்! சட்டமன்றத்திலே நாங்கள் கேட்போம். சீட்டு வாங்கும்போது நீங்களும் கேளுங்கள்.