பாதியில் போனவர்களும் எங்கள் பழைய மாணவிகளே

(பழைய மாணவிகள் சங்க நூற்றாண்டு விழாவில் ஆற்றிய உரை)



நூறு வருடத்தில் இங்கிருந்து எத்தனை டொக்டர், எத்தனை ஆசிரியர், எத்தனை பொறியியலாளர் வந்தார்கள் என்று காலையிலிருந்து கேட்டுக்கொண்டிருக்கிறோம். கேட்கச் சந்தோசம்தான். எங்கள் வகுப்புக்குத் தந்த இந்தப் பத்து நிமிடத்தை, இங்கே பெயர் வாசிக்கப்படாதவர்களுக்காகப் பேசலாம் என்று நினைத்தோம். ஆண்டு ஒன்பதிலோ பத்திலோ பள்ளிக்கூடத்தை விட்டுப் போனவர்களைத்தான் சொல்கிறோம்.

நாங்கள் 1995 இல் ஆண்டு பதினொன்று. டிசெம்பரில் சாதாரண தரப் பரீட்சை. ஒக்ரோபர் 30 ஆம் திகதி வலிகாமம் முழுவதும் எழும்பி நடந்தது. மழைக்குள் நாவற்குழிப் பாலம் தாண்டினோம். பிறகு சாவகச்சேரி, கொடிகாமம். கிளாலியால் வன்னிக்குப் போனவர்கள் போனார்கள். 1996 ஏப்பிரலுக்குப் பிறகு ஊருக்குத் திரும்பியவர்கள் திரும்பினோம். அந்த வகுப்பு இடாப்பில் இருந்த பெயர்கள் அதற்குப் பிறகு ஒருநாளும் ஒன்றாகக் கூப்பிடப்படவில்லை. திரும்பி வந்த எங்களில் பலர் பிந்திப் பரீட்சை எழுதினோம், சிலர் வைத்தியர்களும் ஆனோம். எழுதாமலே விட்டவர்கள் எங்களைவிடக் குறைந்த கெட்டிக்காரர் அல்ல. கணக்கில் எங்களுக்குச் சொல்லித் தந்தவர்களும் அதற்குள் இருந்தார்கள்.

போருக்கு மட்டும் பழி போட்டுவிட்டுப் போகவும் முடியாது. தகப்பன் இல்லாத வீட்டில் மூத்த பிள்ளை வெங்காயத் தோட்டத்துக்குப் போனாள். இன்னொருத்தியைப் பதினாறு வயதில் அவசரமாகக் கட்டிக் கொடுத்தார்கள். அது இன்றும் நடக்கிறது.

கிளினிக்கில் இருக்கும் எங்களுக்கு ஒரு விடயம் அடிக்கடி கண்ணில் படும். கர்ப்பிணித் தாயின் பதிவேட்டில் கல்வித் தகைமை என்று ஒரு கூடு உண்டு. எத்தனையாம் பிள்ளை என்று கேட்டால் நிமிர்ந்து பதில் சொல்லும் பெண், அந்தக் கூட்டுக்கு வந்ததும் குரலைக் குறைப்பாள். "ஓ எல் எடுக்கேல்லை, டொக்டர்." எந்தப் பள்ளிக்கூடம் என்று கேட்டால், "நீங்கள் படிச்சதுதான்" என்பாள். 'எங்கட பள்ளிக்கூடம்' என்று அவளுக்குச் சொல்ல வராது.

எங்கள் வகுப்புத் தோழி ஒருத்தி வன்னியிலிருந்து 2010 இல் திரும்பி வந்தாள். தையல் வேலை. பாலர் பாடசாலையில் சேரக் கேட்ட இடத்தில் சாதாரண தரப் பெறுபேறு கேட்டார்கள். முப்பத்தைந்து வயதில் தனிப்பட்ட பரீட்சார்த்தியாக விண்ணப்பித்தாள். ரியூட்டரிக்குப் போய்ப் பதினைந்து வயதுப் பிள்ளைகளுக்குள் இருக்க வெட்கம். எங்களுக்குப் படிப்பித்து ஓய்வுபெற்ற கணித ரீச்சர் கிழமையில் இரண்டு பின்னேரம் தன் வீட்டு விறாந்தையில் இருத்திப் பின்னத்திலிருந்து தொடங்கினார். நாங்கள் சமூகக்கல்வி என்று படித்தோம். இப்போது வரலாறு தனிப்பாடம். அதையும் முதலிலிருந்து படிக்க வேண்டியிருந்தது. பரீட்சையன்று வாசலில் நின்றவர், "அம்மா, பெற்றோர் உள்ளுக்கு வரேலாது" என்றாராம். சுட்டெண்ணைக் காட்டிவிட்டு உள்ளே போனாள். முதல் தடவை கணிதம் டபிள்யூ. இரண்டாம் தடவை எஸ். அந்த எஸ்ஸைப் போலச் சந்தோசப்பட்ட பெறுபேறு எங்கள் வகுப்பில் வேறு இல்லை.

அவளுக்கு உதவியது ஊக்கப் பேச்சல்ல. விறாந்தை, பஸ் காசு, அந்த இரண்டு பின்னேரமும் பிள்ளையைப் பார்க்க ஓர் ஆள், இவ்வளவும்தான். "இப்ப என்னத்துக்கு?" என்று கேட்காத மாமியாரையும் சேர்க்க வேண்டும்.

சட்டம் 16 வயது வரை படிக்கச் சொல்கிறது. 36 வயதில் படிக்கக்கூடாது என்று எந்தச் சட்டமும் இல்லை. 2009 ஆகஸ்ட்டில் செட்டிகுளம் முகாம்களுக்குள்ளேயே உயர்தரப் பரீட்சை எழுதினார்கள் எங்கள் பிள்ளைகள். புத்தகத்துக்கும் இன்று அலைய வேண்டியதில்லை. கல்வி வெளியீட்டுத் திணைக்களத்தின் பாடநூல்கள் இணையத்தில் இலவசமாக உண்டு. 1980 இல் தொடங்கிய திறந்த பல்கலைக்கழகத்துக்கு யாழ்ப்பாணத்தில் நிலையம் இருக்கிறது. உயர்தரம் இல்லாதவரும் படிப்படியாக ஏறிப் பட்டப்படிப்புக்குப் போக அங்கே வழி உண்டு. தையலிலோ சமையலிலோ வருடக்கணக்காகக் கை பழகியவர், வகுப்புக்குப் போகாமலே திறமையைச் செய்து காட்டி தேசிய தொழிற் தகைமைச் சான்றிதழ் பெறலாம்.

வெளிநாட்டில் இருப்பவர்களுக்கும் இது பொருந்தும். ஒன்ராறியோவில் உயர்பாடசாலைப் பத்திரத்துக்கு 30 கிரெடிட் வேண்டும். வளர்ந்தவர்களுக்கு முன்பு வேறு நாட்டில் படித்ததையும் கணக்கிலெடுப்பார்கள். ஆனால் படித்ததற்குக் கடதாசி காட்ட வேண்டும். இடம்பெயர்வில் அதுதான் முதலில் தொலைந்தது.

ஆகவே சங்கத்திடம் எங்கள் வகுப்பின் கோரிக்கை மூன்று. அங்கத்துவப் படிவத்தில் 'பரீட்சை எழுதிய ஆண்டு' என்ற வரியை எடுத்துவிட்டு 'கடைசியாகப் படித்த ஆண்டு' என்று போடுங்கள். சனிக்கிழமை பின்னேரங்களில் ஒரு வகுப்பறையை வளர்ந்தவர்களுக்குத் திறந்து விடுங்கள். கணிதமும் தமிழும் சொல்லிக்கொடுக்க எங்களில் ஐந்து பேர் பெயர் தந்துவிட்டோம். பரீட்சைக் கட்டணத்துக்கும் பஸ் காசுக்கும் ஒரு சிறு தொகையை ஒதுக்குங்கள். மண்டபத்துக்குப் புதுத் திரைச்சீலை அடுத்த வருடமும் வாங்கலாம்.

இந்த மலரைப் பார்க்கும் யாராவது விடுகைப் பத்திரம் இல்லாமல் இருந்தால், காரியாலயத்தில் பழைய சேர்வு இடாப்புகள் இருக்கின்றன. சில பக்கங்கள் கறையான் அரித்தவை, மிச்சம் வாசிக்கலாம். சேர்விலக்கம் ஞாபகமில்லாவிட்டால் பிறந்த திகதியும் தகப்பனாரின் பெயரும் எழுதி அனுப்புங்கள். நாங்கள் தேடித் தருவோம்.