குடியிலிருந்து மீள ஒரு கூட்டம்

(தென்னேரியில் விவசாயத் தொழிலாளர்களும் நெசவாளர்களும் ஆலைத் தொழிலாளர்களும் கூடிய கூட்டத்தில் ஆற்றிய உரை)



கூலி உயர்வைப் பற்றி நாம் பலமுறை கூடிப் பேசியிருக்கிறோம். இன்று, வாங்கிய கூலி வீடு வந்து சேராமல் போவதைப் பற்றிப் பேச வேண்டும்.

வயலில் சேறு மிதித்தவன் கூலி, தறியில் குனிந்திருந்தவன் கூலி, ஒரகடத்தில் இரவு ஷிப்டு பார்த்தவன் கூலி: மூன்றும் ஒரே கடை வாசலில் கரைகின்றன. ஊர் அவனைத் திட்டுகிறது. கோவிலில் சத்தியம் வாங்குகிறது. பத்து நாள் நிற்கிறான்; பதினோராம் நாள் மறுபடியும் போகிறான். "இவன் திருந்தமாட்டான்" என்று ஊர் கையை விரித்துவிடுகிறது.

இது சரியான பார்வையல்ல. 1845 இல் எங்கெல்ஸ் இங்கிலாந்துத் தொழிலாளர் நிலைமையைப் பற்றி எழுதிய நூலில், குடியை வெறும் ஒழுக்கக் கேடாகப் பார்க்கவில்லை. ஓய்வற்ற வேலையும், இருண்ட வீடும், நாளை என்ன ஆகுமோ என்ற பயமும் தொழிலாளியைக் குடிக்குத் தள்ளுவதைக் காட்டினார். நம் நாட்டிலோ விற்பவனே சர்க்கார்! 2003 நவம்பரில் தமிழ்நாட்டில் மதுவின் சில்லறை விற்பனையையும் டாஸ்மாக் எடுத்துக்கொண்டது. மறுபக்கம் கள்ளச் சாராயம். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் மெத்தனால் கலந்த சாராயம் அறுபதுக்கும் மேற்பட்ட உயிர்களைக் குடித்தது. செத்தவர்களில் பெரும்பாலோர் நம்மைப் போன்ற கூலி மக்கள்.

இதை எதிர்த்துப் போராட வேண்டும், போராடுவோம். ஆனால் கடை மூடும் நாள் வரையில் இன்று கை நடுங்கும் தோழன் காத்திருக்க முடியுமா? முடியாது.

முதலில் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். குடிக்கு அடிமையாவது ஒரு நோய். பல வருஷம் தினமும் குடித்தவன் திடீரென்று நிறுத்தினால் உடம்பு நடுங்கும், வியர்க்கும். இரண்டு மூன்று நாளில் வலிப்பு வரலாம், புத்தி தடுமாறலாம், உயிரே போகலாம். ஆகவே அவனை அறையில் பூட்டிவைக்காதீர்கள்! காஞ்சிபுரம் அரசு ஆஸ்பத்திரிக்கோ, செங்கல்பட்டு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிக்கோ அழைத்துப் போங்கள். டாக்டர் கண்காணிப்பில் நிறுத்துவதே பத்திரம்.

ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பிய பிறகு? அதே தெரு, அதே கடை, அதே கூட்டாளிகள். அங்கேதான் ஒரு கூட்டம் தேவைப்படுகிறது. 1935 இல் அமெரிக்காவின் அக்ரான் நகரில் குடிக்கு அடிமையான இருவர், ஒருவர் பங்குத் தரகர், மற்றவர் டாக்டர், ஒருவருக்கொருவர் துணையாக நின்று குடியை விட்டார்கள். அதிலிருந்து பிறந்ததுதான் 'ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்'. சுருக்கமாக ஏ.ஏ. 1957 இல் பம்பாய் வழியாக இந்தியாவுக்கு வந்தது. குடித்து மீண்டவர்கள் உட்கார்ந்து தங்கள் கதையைச் சொல்வார்கள். புதிதாக வந்தவன் கேட்பான். உபதேசம் செய்ய ஆள் இல்லை. கட்டணம் இல்லை. முழுப் பெயரும் ஊரும் கேட்பதில்லை. குடியை விட வேண்டும் என்ற ஆசை ஒன்றே தகுதி. "இன்று ஒரு நாள் குடிக்கமாட்டேன்" என்பதே அவர்கள் கணக்கு. அவர்கள் பேச்சில் கடவுள் வருவார். ஆனால் எந்த மதத்தையும் நிபந்தனையாக வைப்பதில்லை. கடவுள் நம்பிக்கை இல்லாதவனும் தாராளமாகப் போகலாம்.

இந்தக் கூட்டத்தைத் தேடிக் கண்டுபிடிப்பது எப்படி? சிகிச்சை தரும் டாக்டரைக் கேளுங்கள். 14446 என்ற போதை மீட்பு உதவி எண்ணுக்குப் பேசுங்கள்; கட்டணம் இல்லை. எந்தக் கிழமை, எத்தனை மணி, தமிழில் நடக்கிறதா, குடும்பத்தாரும் வரக்கூடிய திறந்த கூட்டமா, குடிநோயாளிகள் மட்டும் கூடும் மூடிய கூட்டமா என்று விசாரியுங்கள். பள்ளிக்கூட அறையிலோ சர்ச் ஹாலிலோ நடந்தால் தயங்காதீர்கள், இடம்தான் அவர்களுடையது. குடிப்பவனின் குடும்பத்துக்கென்றே 'அல்-அனான்' என்ற கூட்டம் தனியாக உண்டு. தாய்மார்களே, அடியும் பசியும் தாங்கிய உங்களுக்கும் பேச ஓர் இடம் வேண்டும்.

பக்கத்தில் கூட்டமே இல்லையா? குடியை விட்ட இரண்டு மூன்று பேர் சேர்ந்தாலே ஏ.ஏ. குழு ஆகலாம், ஆனால் அது வேறெந்த ஸ்தாபனத்தோடும் இணைந்திருக்கக் கூடாது. அவர்கள் மதுவிலக்கை ஆதரிப்பதுமில்லை, எதிர்ப்பதுமில்லை. சில தோழர்களுக்கு இது கசக்கும். "நம் கொடி இல்லாத இடத்தில் நமக்கென்ன வேலை?" என்பார்கள். தோழர்களே, அங்கே எதிர்க்கட்சிக்காரனும் வருவான், வேறு ஜாதிக்காரனும் வருவான், மேஸ்திரியும் வருவான். கொடி கட்டினால் பாதிப்பேர் வாசலிலேயே திரும்பிவிடுவார்கள். கடையை மூடச் சொல்லும் போராட்டம் தெருவில் நடக்கட்டும். அந்த அறையில் அமைதி இருக்கட்டும். இரண்டும் அவசியம்; ஒன்றில் மற்றொன்றைக் கலக்க வேண்டாம்.

நம் வேலை வேறு. முதல் நாள் அவன் கூச்சப்படுவான். வாசல் வரை கூடப் போங்கள். பஸ் சார்ஜ் இல்லையென்றால் கொடுங்கள். கூட்ட நேரத்தில் வேலை இருந்தால் ஷிப்டு மாற்றிக்கொள்ள உதவுங்கள். அங்கே யாரைப் பார்த்தோம் என்பதை டீக்கடையில் பேசாதீர்கள். மறுபடி குடித்துவிட்டானா? மறுவாரமும் கூப்பிடுங்கள்.

ஒவ்வொரு கிளைத் தோழரும் அடுத்த முறை வரும்போது, தன் ஊருக்கு மிக அருகில் நடக்கும் கூட்டத்தின் இடம், கிழமை, நேரம் மூன்றையும் ஒரு சீட்டில் எழுதிக்கொண்டு வர வேண்டும். வேலைநிறுத்தத்தில் பசித்த தோழனைக் கைவிடாதவர்கள் நாம். குடியில் விழுந்த தோழனையும் கைவிடமாட்டோம்!