பட்டம் அங்கே, பதிவு இங்கே

சீனாவில் மருத்துவம் படித்துக்கொண்டிருந்த ஒரு மாணவி, கொரோனா பரவிய 2020 தொடக்கத்தில் ஊர் திரும்பினார். மீதிப் படிப்பு இணையவழியில் நடந்தது. பல்கலைக்கழகம் பட்டமும் கொடுத்தது. இந்தியாவின் தகுதித் தேர்வான எஃப்.எம்.ஜி.இ.யிலும் தேறிவிட்டார். ஆனாலும் பதிவுக்காக அவர் நீதிமன்றப் படியேற வேண்டியதாயிற்று. சென்னை உயர் நீதிமன்றம் அவருக்குச் சாதகமாகச் சொன்னது. மேல்முறையீட்டில், 2022 ஏப்ரல் 29 அன்று, உச்ச நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. நோயாளியின் பக்கத்தில் நின்று பெறாத பயிற்சியைப் பயிற்சியாகக் கணக்கில் கொள்ள முடியாது என்பதே தீர்ப்பின் சாரம். இத்தகைய மாணவர்களுக்காக இரண்டு மாதத்துக்குள் ஒரு திட்டம் வகுக்கும்படி தேசிய மருத்துவ ஆணையத்துக்கும் உத்தரவிட்டது. ஜூலையில் வந்த சுற்றறிக்கையின்படி, அவர்களில் பலருக்கு ஓராண்டு பயிற்சி மருத்துவர் பணி இரண்டாண்டாக நீண்டது.

வெளிநாட்டுப் பட்டத்தை இந்தியச் சட்டம் எப்படி எடைபோடுகிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று கிடைப்பது அரிது. 2002-இல் தகுதித் தேர்வு வந்தது: 300 மதிப்பெண்ணுக்கு 150 எடுத்தால் தேர்ச்சி. அப்போது கேள்வி, ‘உனக்கு என்ன தெரியும்?’ என்பது. இப்போது அதோடு ‘எங்கே, எப்படிக் கற்றாய்?’ என்பதும் சேர்ந்துகொண்டது. இந்த இரண்டாவது கேள்வியில்தான் குடும்பங்கள் சறுக்குகின்றன.

2021 நவம்பர் 18-இல் வெளியான விதிகளில் அது எழுத்துபூர்வமாக இருக்கிறது. படிப்பு குறைந்தது 54 மாதம், பயிற்றுமொழி ஆங்கிலம், அதே கல்லூரியில் 12 மாத உள்ளுறைப் பயிற்சி. படித்த நாட்டிலேயே, அந்நாட்டுக் குடிமகனுக்கு இணையாக மருத்துவம் பார்க்கும் தகுதியும் வேண்டும். இந்தியா வந்த பிறகு இன்னொரு 12 மாதப் பயிற்சி. சேர்ந்த நாளிலிருந்து பத்தாண்டுக்குள் எல்லாம் முடிய வேண்டும். நீட் இல்லாமல் தப்பிக்கலாம் என்று கடல் தாண்டுவோருக்கு ஒரு செய்தி: 2018 மே முதல் வெளிநாடு போகவும் நீட் தேர்ச்சி கட்டாயம்.

ஏஜென்ட் கொடுக்கும் வண்ணத் தாளில் கட்டணமும் விடுதிச் சாப்பாடும் இருக்கும்; மாதக் கணக்கு பெரும்பாலும் இருக்காது. பிலிப்பைன்ஸை எடுத்துக்கொள்வோம். அங்கே முதலில் பி.எஸ்., பிறகு நான்காண்டு எம்.டி. முதல் படிப்பை மருத்துவத்துக்கு முந்தைய அறிவியல் படிப்பாகவே ஆணையம் பார்த்தது. மிஞ்சுவது 48 மாதம். ஆறு மாதம் துண்டு விழுகிறது.

உக்ரைன் கதை வேறு. 2022 பிப்ரவரியில் போர் மூண்டபோது அங்கே சுமார் 18,000 இந்திய மாணவர்கள் இருந்தனர். ஒரே கல்லூரியில் படித்து முடிக்க வேண்டும் என்ற விதி அவர்களை நடுவழியில் நிறுத்தியது. செப்டம்பரில் ஆணையம் இறங்கிவந்து, வேறு நாட்டில் தொடரலாம், ஆனால் பட்டம் உக்ரைன் பல்கலைக்கழகமே தர வேண்டும் என்றது. ஊர் திரும்பிய இறுதியாண்டு மாணவர்களுக்கு எம்.பி.பி.எஸ். தேர்வை இந்தியாவிலேயே எழுத ஒரே ஒரு வாய்ப்பு என்ற ஏற்பாட்டை, வாய்ப்பை இரண்டாக்கி, 2023 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் ஏற்றது. போரே நடந்தாலும் விலக்கு இவ்வளவுதான் என்றால், ‘போய்ச் சேர்ந்துவிட்டால் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்’ என்பவர்களை என்ன சொல்வது?

தேர்வில் தேறியவர்களுக்கும் வரிசை உண்டு. வெளிநாட்டுப் பட்டதாரிகளுக்கான பயிற்சி இடங்கள், கல்லூரியின் அனுமதிக்கப்பட்ட இடங்களில் 7.5 சதவீதம் கூடுதலாக என்ற வரம்புக்குள் அடங்கியவை. இடத்துக்காகக் காத்திருப்பவரின் மாதங்கள், மேலே சொன்ன பத்தாண்டுக் கணக்கிலேயே கழிகின்றன.

ஆகவே பணம் கட்டும் முன் ஏஜென்டிடம் கேட்க வேண்டியது கல்லூரியின் தரவரிசையை அல்ல. பாடத்திட்டத்தின் மாதக் கணக்கு, பயிற்றுமொழி, அந்நாட்டு உரிமம் வெளிநாட்டவருக்குக் கிடைக்குமா என்ற மூன்றையும் பல்கலைக்கழகத்தின் முத்திரையோடு எழுதி வாங்க வேண்டும். படிக்கும் காலத்தில் பழைய பாஸ்போர்ட்டையும் தூக்கிப் போடக்கூடாது. நேரில் தங்கிப் படித்ததைக் காட்ட வேண்டிவந்தால், வந்துபோன தேதிகளுக்குக் குடிவரவு முத்திரைகளே சாட்சி.