144 தெரியும் நமக்கு, 133 தெரியுமா?

(காரைக்காலில் பொதுமக்கள் முன் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இன்று உங்கள் முன் நான் பேச வந்திருப்பது குடிதண்ணீர்க் குழாயைப் பற்றி. இதற்கா ஒரு மேடை, இதற்கா ஒலிபெருக்கி என்று சிலர் நினைக்கலாம். அந்தக் குழாயில் வந்த தண்ணீரைக் குடித்துத்தான் 2022-ஆம் ஆண்டு இந்த ஊர் படுக்கையில் விழுந்தது. அதை நாம் மறந்துவிட்டோம். நாம் மறந்துவிடுவோம் என்பது அரசுக்குத் தெரியும். அதனால்தான் இந்த மேடை.

நினைவுபடுத்திக்கொள்ளுங்கள். 2022 ஜூலை 3, ஞாயிற்றுக்கிழமை. காரைக்கால் மாவட்டத்தில் பொது சுகாதார அவசரநிலை என்று புதுச்சேரி சுகாதாரத் துறை அறிவித்தது. அதற்கு முந்தைய சில வாரங்களில் 1,500-க்கும் மேற்பட்டோர் வயிற்றுப்போக்கால் பாதிக்கப்பட்டிருந்தார்கள். சோதித்துப் பார்த்ததில் சிலருக்குக் காலரா என்று உறுதியானது. குடிநீரில் சாக்கடை கலந்ததே காரணம் என்று அரசே சொன்னது. மாவட்ட ஆட்சியர் 144-வது பிரிவின்கீழ் உத்தரவு போட்டார். பள்ளி, கல்லூரிகள் மூன்று நாள் மூடப்பட்டன. உணவகங்களும் கல்யாண மண்டபங்களும் காய்ச்சிய தண்ணீரையே கொடுக்க வேண்டும் என்றார்கள்.

அது எந்த நேரம்? ஹஜ்ஜுப் பெருநாளுக்கு ஒரே வாரம் இருந்தது. அதற்கு மூன்றாம் நாள் ஆனிப் பௌர்ணமி, நம் ஊர் மாங்கனித் திருவிழாக் காலம். சனிக்கிழமை தோறும் திருநள்ளாற்றுக்கு எங்கிருந்தெல்லாமோ மக்கள் வந்து போகும் ஊர் இது. பள்ளிவாசல் தெருவுக்கும் கோயில் தெருவுக்கும் மாதா கோயில் தெருவுக்கும் ஒரே தண்ணீர்தான் போனது. கிருமி யாரிடமும் நீ எந்தச் சமயம் என்று கேட்கவில்லை. அப்படியிருக்க, கணக்குக் கேட்கும்போது மட்டும் நாம் ஏன் தெருத்தெருவாகப் பிரிந்து நிற்க வேண்டும்?

குழாய்க்குள் சாக்கடை எப்படிப் போகிறது?

இதை எல்லோரும் புரிந்துகொள்ள வேண்டும். புரிந்தால்தான் சரியான கேள்வி கேட்க முடியும். குழாயில் தண்ணீர் வேகமாக ஓடும்போது, விரிசல் இருந்தால் தண்ணீர் வெளியே கசியும். வெளியே இருப்பது உள்ளே வராது. நமக்கு இருபத்து நான்கு மணி நேரமும் தண்ணீர் வருவதில்லை. விட்டதும் நிறுத்தியதுமாக வருகிறது. நிறுத்திய நேரத்தில் குழாய் வெறுமையாகிறது. அப்போது பக்கத்தில் தேங்கி நிற்கும் சாக்கடை நீரை அதே விரிசல் உள்ளே இழுத்துக்கொள்கிறது. மறுபடி தண்ணீர் திறந்ததும் முதலில் நம் குடத்தில் விழுவது அந்த நீர்தான்.

காவிரியின் கடைமடையில், கடலோரத்தில், மேடு பள்ளம் இல்லாத மண்ணில் இருக்கிறோம். சாக்கடை இங்கே தானாக வடியாது. வடிய வைக்க வேண்டும். பழைய குழாயை மாற்ற வேண்டும், சாக்கடையையும் குடிநீரையும் தள்ளி வைக்க வேண்டும், குளோரின் சரியாகக் கலக்க வேண்டும். கடைசி வீட்டுக் குழாயிலும் லிட்டருக்குக் குறைந்தது 0.2 மில்லிகிராம் குளோரின் எஞ்சியிருக்க வேண்டும் என்பது இந்தியத் தர நிர்ணயம். நீரேற்று நிலையத்தில் இருந்தால் போதாது, உங்கள் வீட்டுக் குழாயில் இருக்க வேண்டும். அளந்து பார்க்கச் சில நிமிடம் போதும். உங்கள் தெருவுக்கு வந்து யாராவது அளந்ததைப் பார்த்திருக்கிறீர்களா?

காலராவுக்கு மருந்து இல்லாத காலம் போய்விட்டது. 1971-ல் வங்கதேச அகதிகள் முகாமில், மேற்கு வங்காளத்துப் பன்கானில், டாக்டர் திலீப் மகலனாபிஸ் உப்பும் சர்க்கரையும் கலந்த தண்ணீரைக் கொடுத்தே ஆயிரக்கணக்கான உயிர்களைக் காப்பாற்றிக் காட்டினார். காய்ச்சி ஆறவைத்த ஒரு லிட்டர் தண்ணீரில் ஆறு தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு. ஏழை வீட்டு அடுப்பங்கரையிலேயே செய்யலாம். இவ்வளவு எளிதாகத் தடுக்கக்கூடிய நோய் ஒரு ஊரையே படுக்க வைக்கிறது என்றால், அதை விதி என்று சொல்லிவிட்டு நகர முடியாது. அங்கே ஏதோ ஒரு வேலை செய்யப்படாமல் இருக்கிறது. அந்த வேலைக்குச் சம்பளம் வாங்குகிறவர் ஒருவர் இருக்கிறார்.

யாரைக் கேட்பது?

காரைக்காலில் கேட்டால் புதுச்சேரியைக் கை காட்டுவார்கள். புதுச்சேரி 130 கிலோமீட்டருக்கு மேல்; சீர்காழி, சிதம்பரம், கடலூர் என்று தமிழ்நாட்டு மண்ணைக் கடந்து போக வேண்டும். அங்கே போய்க் கேட்டால், கோப்பு துணைநிலை ஆளுநர் மாளிகையில் இருக்கிறது என்பார்கள். அதற்கு மேல் டில்லி.

ரேஷனில் இதைப் பார்த்தோம். 2015 செப்டம்பரில் அரிசிக்குப் பதில் வங்கிக் கணக்கில் பணம் என்று கொண்டுவந்தார்கள். அரிசியா, பணமா என்று அமைச்சரவைக்கும் துணைநிலை ஆளுநருக்கும் மூண்ட சண்டை உயர் நீதிமன்றம் வரை போனது. கடைகள் பூட்டிக் கிடந்தன. 2024 அக்டோபரில்தான் ரேஷன் கடைகள் மறுபடி திறந்தன. இடையில் போன ஆண்டுகளுக்கு யார் பொறுப்பு? ஆளுக்கொரு விரல் நீட்டினார்கள். யாருடைய விரலும் தன்னைச் சுட்டவில்லை.

சரி, உள்ளூரில் நம் தெருவுக்கென்று ஒரு கவுன்சிலர் இருந்தால் அவர் வீட்டு வாசலில் போய் நிற்கலாம். பிரெஞ்சுக்காரன் ஆட்சியிலேயே, 1880-ல், கொம்யூன்களுக்கு நகரசபை கண்ட ஊர் இது. 'மேர்' என்ற சொல்லை நம் பாட்டன்மார் அறிவார்கள். சுதந்திரம் வந்த பிறகு கதை எப்படி? 1968-ல் ஒரு உள்ளாட்சித் தேர்தல். அடுத்தது 2006-ல், இடையில் 38 ஆண்டுகள். 2006-ல் வந்தவர்களின் காலம் 2011-ல் முடிந்தது. 2021-ல் அறிவித்த தேர்தல் இட ஒதுக்கீட்டுச் சிக்கலில் நின்றது. ஆக, 2022-ல் நோய் வந்தபோது காரைக்கால் நகராட்சியிலும் சரி, கொம்யூன் பஞ்சாயத்துகளிலும் சரி, மக்கள் தேர்ந்தெடுத்த ஒரே ஒரு உறுப்பினர்கூட இல்லை. ஐந்தாண்டு முடிவதற்குள் அடுத்த தேர்தலை நடத்தி முடிக்க வேண்டும் என்று அரசியல் சட்டத்தின் 74-வது திருத்தம் சொல்கிறது. அது 1993-லிருந்து நடைமுறையில் இருக்கிறது. குழாய் உடைந்ததற்கும் இதற்கும் தொடர்பு இல்லை என்று நினைக்காதீர்கள். ஓட்டுக் கேட்டு வரவேண்டியவனுக்குத்தான் சாக்கடை நாற்றம் மூக்கில் ஏறும்.

சட்டம் நம் பக்கம்தான் இருக்கிறது

144 என்றால் நம் பிள்ளைகளுக்குக்கூடத் தெரியும். கூடாதே, செய்யாதே, மூடு என்று மக்களுக்கு உத்தரவிடும் பிரிவு. அதே குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 133 என்று ஒரு பிரிவு இருந்தது. பொதுமக்களின் உடல்நலத்துக்குக் கேடு செய்யும் தொல்லையை அகற்று என்று, அதை அகற்ற வேண்டியவருக்கு உத்தரவிடும் பிரிவு. அந்த 'வேண்டியவர்' நகராட்சியாகவும் இருக்கலாம்.

மத்தியப் பிரதேசத்தில் ரட்லம் என்று ஒரு நகரம். திறந்த சாக்கடை, ஆலைக் கழிவு, கொசு. ஒரு வார்டு மக்கள் இந்த 133-ஐக் கையில் எடுத்துக்கொண்டு மாஜிஸ்திரேட்டிடம் போனார்கள். சாக்கடை கட்டு என்று அவர் நகராட்சிக்கு உத்தரவிட்டார். எங்களிடம் பணமில்லை என்று நகராட்சி உச்ச நீதிமன்றம் வரை போனது. 1980-ல் நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர் தீர்ப்பளித்தார்: பணமில்லை என்பது பதிலாகாது; கட்டித்தான் ஆக வேண்டும். வார்டு மக்கள் ஜெயித்தார்கள். 2024 ஜூலை 1 முதல் புதிய சட்டம் வந்திருக்கிறது. பழைய 144 அதில் 163 ஆகிவிட்டது, பழைய 133 அதில் 152. எண் மாறினாலும் உரிமை மாறவில்லை. மேலே இருப்பவர்கள் தங்களுக்கு வேண்டிய பிரிவை உடனே எடுத்துக்கொள்கிறார்கள். நமக்குரிய பிரிவை நாம் எடுத்திருக்கிறோமா?

மருத்துவமனைக்கும் இதே நியாயம்தான். 1992-ல் மேற்கு வங்காளத்தில் ஹக்கீம் ஷேக் என்ற தொழிலாளி ரயிலிலிருந்து விழுந்து தலையில் அடிபட்டார். ஒன்றன்பின் ஒன்றாக அரசு மருத்துவமனைகள் படுக்கை இல்லை, வசதி இல்லை என்று திருப்பி அனுப்பின. கடைசியில் தனியார் மருத்துவமனையில் காசு கட்டிப் பிழைத்தார். வழக்குப் போட்டார்கள். 1996-ல் உச்ச நீதிமன்றம், அவசர சிகிச்சை கொடுக்காதது 21-வது விதியின் உயிர் வாழும் உரிமையைப் பறிப்பது என்று சொல்லி, 25,000 ரூபாய் இழப்பீடு கொடுக்க வைத்தது. இங்கே நிதிப் பற்றாக்குறை என்ற சாக்கு செல்லாது என்றும் சொன்னது. காரைக்காலுக்கு 2016-ல் ஜிப்மர் கிளை வந்தது. நாகப்பட்டினத்தில் 2022 ஜனவரியில் அரசு மருத்துவக் கல்லூரி திறந்தார்கள். மகிழ்ச்சி. கட்டிடம் எழுந்ததற்கு நன்றி சொல்லலாம். இரவு இரண்டு மணிக்கு உள்ளே மருத்துவர் இருக்கிறாரா என்ற கேள்வியை அந்த நன்றியோடு சேர்த்தே கேட்க வேண்டும்.

நாம் செய்ய வேண்டியது என்ன?

கோஷம் போட்டுக் கலைந்துபோக உங்களை அழைக்கவில்லை. மூன்று வேலை இருக்கிறது.

முதல் வேலை, எண்ணுவது. 1854-ல் லண்டனில் பிராட் தெருவில் காலரா வந்தபோது ஜான் ஸ்னோ என்ற மருத்துவர் வீடு வீடாகப் போய், எந்த வீட்டில் யார் இறந்தார், எந்தக் குழாய்த் தண்ணீர் குடித்தார் என்று எழுதினார். அந்தக் கணக்கைக் காட்டித்தான் அடிபம்பின் கைப்பிடியைக் கழற்ற வைத்தார். அன்று காலரா கிருமி என்ன என்பதே உலகுக்குத் தெளிவாகத் தெரியாது. நம் ஒவ்வொரு ஜமாஅத்திலும், ஒவ்வொரு கோயில் தெருவிலும், மீனவர் கிராமத்திலும் ஒரு நோட்டுப் போடுங்கள். தண்ணீர் கலங்கி வந்த நாள், வயிற்றுப்போக்கு வந்த வீடு, புகார் கொடுத்த தேதி. பெயர் வேண்டாம், தெருவும் தேதியும் போதும். ஒரே தெருவில் மூன்று வீடு என்றால் அன்றைக்கே சுகாதார நிலையத்துக்கு எழுத்தில் கொடுங்கள்.

இரண்டாவது வேலை, எழுதிக் கேட்பது. 2005-ஆம் ஆண்டுத் தகவல் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் கட்டணம். வறுமைக் கோட்டுக்குக் கீழே இருப்பவர்களுக்கு அதுவும் இல்லை. தமிழில் எழுதலாம். ஏன் கேட்கிறாய் என்று அதிகாரி கேட்க முடியாது. 30 நாளில் பதில் வர வேண்டும். உயிர் சம்பந்தப்பட்டது என்றால் 48 மணி நேரத்தில். வராவிட்டால் மேல் அதிகாரியிடம் முதல் முறையீடு. அதற்கும் மசியவில்லை என்றால், நாம் யூனியன் பிரதேசம் என்பதால், டில்லியில் உள்ள மத்தியத் தகவல் ஆணையம். என்ன கேட்பது? 2022 ஜூலைக்குப் பிறகு எந்தெந்தத் தெருவில் எத்தனை மீட்டர் பழைய குழாய் மாற்றப்பட்டது? எங்கள் தெருத் தண்ணீர் கடைசியாக எந்தத் தேதியில் சோதிக்கப்பட்டது, முடிவு என்ன? மருத்துவமனையில் அனுமதிக்கப்பட்ட மருத்துவர், செவிலியர் பணியிடம் எத்தனை, நிரப்பியது எத்தனை? எந்த மருந்து எத்தனை நாள் இருப்பில் இல்லை? இந்த நான்கு கேள்வி போதும். ஒருவர் கேட்டால் தூக்கிப் போடுவார்கள். நாற்பது தெரு கேட்டால் தூக்கிப் போட முடியாது.

மூன்றாவது வேலை, தேர்தல் நேரத்துக்கானது. காரைக்கால் மாவட்டத்துக்கு ஐந்து சட்டமன்றத் தொகுதிகள்: நெடுங்காடு, திருநள்ளாறு, காரைக்கால் வடக்கு, காரைக்கால் தெற்கு, நிரவி-திருப்பட்டினம். ஓட்டுக் கேட்டு வருகிற யாராக இருந்தாலும், நம்மவர் என்றாலும் சரி, அயலவர் என்றாலும் சரி, உள்ளாட்சித் தேர்தல் எப்போது, குழாய் எப்போது என்ற இரண்டு கேள்விக்கு எழுத்தில் பதில் வாங்குங்கள். பொன்னாடை போர்த்துவதை அதற்குப் பிறகு வைத்துக்கொள்ளலாம்.

ஆட்சியாளரைக் கேள்வி கேட்பது மரியாதைக் குறைவு என்று நம்மில் சிலர் இன்னும் தயங்குகிறார்கள். கலீஃபா உமர் அவர்களிடம் மக்கள் கூடியிருந்த இடத்திலேயே ஒருவர் எழுந்து, உங்கள் சட்டைக்கு மட்டும் கூடுதல் துணி எப்படி வந்தது என்று கணக்குக் கேட்ட வரலாற்றைச் சொல்லி வளர்ந்தவர்கள் நாம். கேட்டவர் தண்டிக்கப்படவில்லை, பதில் சொல்லப்பட்டது. அந்த வரலாற்றைப் பெருமையோடு சொல்கிற வாய், தெருக்குழாயைப் பற்றிக் கேட்க ஏன் கூச வேண்டும்?

சகோதரர்களே! அடுத்த மழைக்காலம் வரும். சாக்கடை நிறையும். குழாயில் அந்த விரிசல் இன்னும் இருக்கிறதா, அடைத்துவிட்டார்களா என்பதை அன்றைக்கு மருத்துவமனைப் படுக்கையில் இருந்துகொண்டு நாம் தெரிந்துகொள்ளக் கூடாது. இந்தக் கூட்டம் முடிந்ததும் வாசலில் மனுத் தாள்கள் வைத்திருக்கிறோம். எழுதத் தெரிந்த இளைஞர்கள் உட்கார்ந்திருக்கிறார்கள். தெருவுக்கு ஒருவராவது கையெழுத்துப் போட்டுவிட்டு வீட்டுக்குப் போங்கள்.