இருட்டையும் கணக்கெடுப்போம்

(தோட்டத் தலைவர்கள், மாதர் சங்கத் தலைவிகள் பயிற்சிக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



அளப்பது நமக்குப் புதிய விஷயம் அல்ல. கொழுந்து நிறுக்கும்போது தராசிலிருந்து கண்ணை எடுக்க மாட்டோம். ஈரத்துக்கென்று கிலோ கழித்தால் ஏன் என்று கேட்போம். முழுப் பேரா, அரைப் பேரா என்று பார்ப்போம். ஆனால் லயத்தில் கரண்ட் போனால் எத்தனை மணிநேரம் போனது, பீலியில் தண்ணீர் நின்றால் எத்தனை நாள் நின்றது என்று மட்டும் அளப்பதில்லை. "ரொம்ப நேரமா இல்லீங்க", "ரெண்டு மூணு நாளா வரலீங்க" என்றே சொல்கிறோம். அப்படிச் சொல்கிற முறைப்பாட்டை எந்த அலுவலகமும் எளிதாகத் தட்டிவிடலாம்.

2025 பெப்ரவரி 9ஆம் திகதி ஞாயிற்றுக்கிழமை நாடு முழுவதும் கரண்ட் போனது நினைவிருக்கும். பாணந்துறை உப மின் நிலையத்தில் குரங்கு ஒன்றினால் வந்த கோளாறு என்று அமைச்சர் சொன்னார். கொழும்பிலும் கரண்ட் இல்லாததால் எப்போது போனது, எந்த ஊருக்கு எப்போது வந்தது என்று நாடே கணக்கு வைத்திருந்தது. நம் மேல் டிவிஷனில் கம்பியின் மேல் மரம் சாய்ந்தால் அந்தக் கணக்கை யார் வைப்பார்கள்? வீட்டு லைனில் வரும் கோளாறு பெரும்பாலும் நாம் அறிவித்தால்தான் மின்சார அலுவலகத்துக்கே தெரியவரும். ஆனால் இருபது காம்பிரா உள்ள லயத்தில் இருபது வீட்டாரும் அடுத்த வீட்டார் சொல்லியிருப்பார்கள் என்று நினைத்துப் படுத்துவிட்டால், காலை வரை ஒருவரும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

ஆகவே இன்று ஒரு விஷயத்தை மட்டும் பேசுகிறோம். கரண்ட்டோ தண்ணீரோ நின்றால் நம் தோட்டக் கமிட்டி என்ன செய்யும், எத்தனை நிமிடத்தில் செய்யும் என்று இலக்கு வைப்போம். வைத்த இலக்கை எழுதி அளப்போம்.

இலக்கில் இரண்டு வகை உண்டு. "இரண்டு மணிநேரத்தில் கரண்ட் வர வேண்டும்" என்பது நம் கோரிக்கை. அதை நிறைவேற்றுவது மற்றவர் கையில் இருக்கிறது. "அரை மணிநேரத்தில் முறைப்பாடு போய்ச் சேர வேண்டும்" என்பது நம் கையில் இருக்கும் இலக்கு. முதலில் நம் கையில் இருப்பதைச் சரியாகச் செய்தால், மற்றவர் செய்ய வேண்டியதை நிமிர்ந்து நின்று கேட்கலாம்.

ஒவ்வொரு டிவிஷனுக்கும் நான்கு இலக்குகளை முன்வைக்கிறோம்.

முதலாவது, 30 நிமிடத்துக்குள் முறைப்பாடு. கரண்ட் என்றால் 1987 இலக்கத்துக்குப் பேச வேண்டும். பில்லில் உள்ள கணக்கிலக்கத்தைக் கேட்பார்கள். ஆகவே ஒவ்வொரு லயத்திலும் ஒரு பில்லின் கணக்கிலக்கம் கமிட்டிக் கொப்பியின் முதல் பக்கத்தில் இருக்கட்டும். அவர்கள் தரும் முறைப்பாட்டு இலக்கத்தையும் நேரத்தையும் உடனே எழுதுங்கள். தண்ணீர் என்றால் அந்தத் திட்டத்தை நடத்துவது யார் என்பதை இப்போதே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். சில இடத்தில் தோட்ட நிர்வாகம், சில இடத்தில் மக்கள் குடிநீர்ச் சங்கம், சில இடத்தில் பிரதேச சபை. குழாய் உடைந்த பிறகு அதைத் தேடிக்கொண்டிருக்க முடியாது.

இரண்டாவது, 1 மணிநேரத்துக்குள் வீடு பார்த்தல். இழுப்புக்கு மெஷினில் மருந்து பிடிக்கும் பிள்ளை, இன்சுலின் மருந்தைக் குளிரில் வைக்க வேண்டியவர், நிறைமாதக் கர்ப்பிணி, தனியாக இருக்கும் ஆத்தா, தாத்தா, இவர்கள் இருக்கும் வீடுகளின் பட்டியல் லயத்துக்கு ஒருவரிடம் இருக்க வேண்டும். அவர் கதவைத் தட்டிக் கேட்க வேண்டும். நிலைமை மோசமென்றால் 1990 அம்பியூலன்ஸ். பகலில் தண்ணீர் நின்றால் முதலில் பார்க்க வேண்டிய இடம் பிள்ளைக் காம்பிரா. பட்டியல் மாதர் சங்கத் தலைவியிடம் மட்டும் இருக்கட்டும். நோய் விபரம் ஊர்ப் பேச்சாகக் கூடாது.

மூன்றாவது, 3 மணிநேரத்துக்கு ஒரு தகவல். "இன்னும் சரியாகவில்லை, ஆறு மணிக்குத் திரும்பக் கேட்போம்" என்று சொல்வதும் தகவல்தான். வட்ஸ்அப் மட்டும் போதாது. கரண்ட் நீண்ட நேரம் இல்லாவிட்டால் போனில் சார்ஜ் இறங்கும், சிக்னலும் போய்விடலாம். ஆகவே நடந்துபோய்ச் சொல்ல லயத்துக்கு இருவர் வேண்டும்.

நான்காவது, 7 நாளுக்குள் ஒரு சிறு கூட்டம். எப்போது போனது, எப்போது சொன்னோம், எப்போது வந்தார்கள், எப்போது சரியானது. இந்த நான்கு நேரத்தையும் வாசித்து, அடுத்த முறை மாற்ற வேண்டிய ஒரே ஒரு விஷயத்தைத் தீர்மானியுங்கள்.

இதில் மூன்றாவது இலக்கைச் சிறிதாக எண்ண வேண்டாம். 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலையில் கொஸ்லந்தை மீரியபெத்தையில் மண் சரிந்து லயங்களை மூடியதை நாம் மறக்கவில்லை. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் வந்தபோது மலையகத்தில் பாதை, கரண்ட், போன் எல்லாம் சேர்ந்து அறுந்ததையும் பார்த்தோம். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு என்று மூன்று கட்டமாக மண்சரிவு எச்சரிக்கை விடுகிறது. சிவப்பு என்றால் வெளியேற வேண்டும். ஆனால் போன் செத்துக் கிடக்கும் லயத்துக்கு அந்தச் சிவப்பு எப்படி வந்து சேரும்? கரண்ட் இல்லாத மழை இரவில் தகவல் கொண்டு நடக்கப் பழகிய இருவர்தான் அங்கே கொண்டுபோய்ச் சேர்ப்பார்கள். சாதாரண நாளில் பழகாத வேலை அந்த இரவில் வராது.

இனி அளக்கும் முறை. முதல் மாதம் இலக்கு வேண்டாம், எழுதுவது மட்டும் போதும். இப்போது எங்கே நிற்கிறோம் என்று தெரியாமல் எங்கே போவது? இரண்டாம் மாதம் முதல், பத்துத் தடவை நின்றால் எட்டுத் தடவையாவது 30 நிமிடத்துக்குள் முறைப்பாடு போக வேண்டும் என்று வைப்போம். பத்துக்குப் பத்து என்று வைத்தால், நள்ளிரவு இடிமழையில் ஒருமுறை தவறியதும் மனம் விட்டுப்போகும், அல்லது பொய் நேரம் எழுதத் தோன்றும்.

சராசரியை மட்டும் நம்பாதீர்கள். உதாரணத்துக்கு, ஐந்து தடவை முறைப்பாடு சொல்ல 10, 15, 20, 25, 180 நிமிடம் ஆனது என்று வைப்போம். கூட்டினால் 250, ஐந்தால் பிரித்தால் 50. "நம் கமிட்டி 50 நிமிடம் எடுக்கிறது" என்றால் அது உண்மையா? நான்கு தடவை 25 நிமிடத்துக்குள் முடித்திருக்கிறோம். வரிசையாக எழுதி நடுவில் இருப்பதைப் பாருங்கள், அது 20. நம் வழக்கம் அதுதான். பிறகு அந்த 180ஐத் தனியாக எடுத்து, அன்று என்ன நடந்தது என்று பேசுங்கள். சாவி யாரிடம் இருந்தது? சிக்னல் இல்லையா? பொறுப்பானவர் ஊருக்குப் போயிருந்தால் மாற்றாள் யார்? ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் போடக்கூடிய கணக்குத்தான் இது. கொப்பியை அவர்களிடம் கொடுத்துப் பாருங்கள்.

மூன்று எச்சரிக்கைகளையும் சொல்லிவிடுகிறோம்.

வேகம் என்பது சொல்வதற்கும் பார்ப்பதற்கும் மட்டும்தான். யாரும் கம்பத்தில் ஏறக்கூடாது. விழுந்த கம்பியில் கரண்ட் இருக்கிறது என்றே நினைத்து, பிள்ளைகளையும் மாடுகளையும் தூர நிறுத்துங்கள். ஒரு தம்பியின் உயிரைக் கொடுத்து எந்த இலக்கையும் எட்ட வேண்டியதில்லை.

"இந்த மாதம் முறைப்பாடு குறைந்துவிட்டது" என்பதை வெற்றியாகக் கொண்டாட வேண்டாம். அதைப் பாராட்டினால் சொல்வதையே நிறுத்திவிடுவார்கள்.

கொப்பியில் வேலைக்கும் நேரத்துக்கும்தான் இடம், குற்றம் சாட்டுவதற்கு அல்ல. இலக்கு கமிட்டிக்குரியது. ஒருவர் தவறவிட்டால் அடுத்தவர் செய்யும்படி ஏற்பாட்டை மாற்றுவதே நம் வேலை.

மூன்று மாதம் இப்படி எழுதினால் நம் கையில் ஒரு ஆவணம் இருக்கும். அதை வைத்துத் துரையுடன் நடக்கும் பேச்சுவார்த்தையில் திகதியும் மணியும் சொல்லிக் கேட்கலாம். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ், இந்த முறைப்பாட்டு இலக்கங்களுக்கு என்ன நடவடிக்கை எடுத்தீர்கள் என்று அரச நிறுவனத்திடம் எழுத்தில் கேட்கலாம். தகவல் தருவதா இல்லையா என்ற தீர்மானத்தை 14 வேலை நாட்களுக்குள் அறிவிக்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. பிரதேச சபையிடமும் போகலாம். தோட்டங்களுக்குள் சேவை செய்யத் தடையாக இருந்த பிரதேச சபைச் சட்டத்தின் 33ஆம் பிரிவு 2018இல் திருத்தப்பட்டுவிட்டது. "தோட்டம் எங்களுக்கு உரியதல்ல" என்ற பழைய பதிலை இனியும் ஏற்க வேண்டியதில்லை.

இன்று வீடு திரும்பும்போது செய்ய வேண்டியது இவ்வளவுதான். டிவிஷனுக்கு ஒரு கொப்பி வாங்குங்கள். லயத்துக்கு இரண்டு பெயர் எழுதுங்கள், அதில் ஒருவர் பெண்ணாக இருக்கட்டும். கணக்கிலக்கங்களை முதல் பக்கத்தில் எழுதுங்கள். அடுத்த மாதக் கமிட்டிக் கூட்டத்துக்கு வரும்போது கொப்பியைக் கையோடு கொண்டுவாருங்கள். எல்லா டிவிஷன் கணக்கையும் சேர்த்துப் படிப்போம்.