பழைய கட்டடமும் திண்ணைக் கடையும்



ராயபுரத்திலுள்ள நமது சங்கக் கட்டடத்தை இடித்து, அவ்விடத்தில் பெரியதொரு கலியாண மண்டபம் எழுப்ப வேண்டுமென்னும் தீர்மானம் இன்று மகாசபையின்முன் வந்திருக்கிறது. அதைக் குறித்து நமது அபிப்பிராயத்தைச் சில வார்த்தைகளில் வெளியிட விரும்புகிறோம்.

நாம் வாழும் பேட்டை சாமானியமானதன்று. கப்பல்கள் கரையணைய இயலாதிருந்த காலத்தில், அலைகளைக் கடந்து சரக்கு ஏற்றி இறக்கிய படகோட்டிகளின் பொதுநிதியால் 1829ல் ராயப்பர் ஆலயம் எழுந்தது. 1856 ஜூலை முதல் தேதி, தென்னிந்தியாவின் முதல் பிரயாணி ரயில் ராயபுரத்திலிருந்தே வாலாஜா ரோடு வரை ஓடிற்று. இந்தியாவில் எஞ்சியுள்ள ரயில் நிலையக் கட்டடங்களில் மிகப் பழமையானது அதுவே. ஆயினும், 1873ல் சென்ட்ரல் நிலையம் ஏற்பட்டபின் பிரயாணிகளின் பெருங்கூட்டம் நாளடைவில் அங்கே சென்றுவிட்டது. தூண்கள் கம்பீரமாய் நிற்கின்றன. பழைய சந்தடி இல்லை.

இதற்கு மாறான காட்சியொன்றும் நம் அருகிலேயே உண்டு. 1962ல் பர்மாவில் ராணுவ ஆட்சி ஏற்பட்டு, வியாபாரங்கள் அரசுடைமையாயின. அநேகமாயிரம் தமிழ்க் குடும்பங்கள் கைப்பொருள் இழந்து சென்னைத் துறைமுகத்தில் வந்திறங்கின. அவர்களிடம் எஞ்சியது கைப்பக்குவமே. பர்மா பஜாரை அடுத்த தெருக்களில் இன்றும் மாலைதோறும் அத்தோவும், வாழைத்தண்டு சேர்ந்த மொய்ங்காவும் விற்கப்படுகின்றன. அவர்களுக்குக் கோபுரமில்லை, தூணில்லை. ஆனால் பசித்தவர் கூடுவதால் அவர்கள் சரித்திரம் மறையவில்லை.

இவ்விரண்டையும் சேர்த்துப் பார்க்கும் யோசனை புதிதன்று. அமெரிக்காவின் நடுப்பிரதேசத்துச் சிற்றூர்களில், நெடுஞ்சாலையோரப் பேரங்காடிகளுக்கு ஜனங்கள் போய்விட, பழைய கடைவீதிகள் பாழடைந்தன. 1977ல் கேல்ஸ்பர்க், மாடிசன், ஹாட் ஸ்பிரிங்ஸ் என்னும் மூன்று ஊர்களில் புராதனக் கட்டடப் பாதுகாப்புச் சபையொன்று பரீட்சை தொடங்கிற்று. சுவருக்கு வர்ணம் பூசுவதோடு நில்லாமல், உள்ளூர்க் கடைகளுக்கும் சிற்றுண்டிச்சாலைகளுக்கும் ஊக்கமளித்து, ஜனங்களை வீதிக்குத் திரும்ப அழைத்தது. அம்முறை பின்னர் அந்நாடெங்கும் பரவிற்று.

இனி நமது கட்டடத்துக்கு வருவோம். அதன் திண்ணையில் ஆயா ஒருவர் இட்லியும் ஆப்பமும் விற்று வருகிறார். விடியுமுன் மீன்பிடி துறைமுகத்துக்குச் செல்வோரும், பள்ளிப் பிள்ளைகளும் அங்கேதான் பசியாறுகின்றனர். நம்மில் அநேகர் சிறுவயதில் அத்திண்ணையில் உண்டவர்களே. தீர்மானத்தில் அவரைப்பற்றி ஒரு வரியும் இல்லை. இது நமது குற்றமே. நாமும் முதல் வாசிப்பில் அதைக் கவனிக்கவில்லை.

மண்டப வருமானம் பிள்ளைகளின் கல்வி நிதிக்கு வேண்டுமென்பது நியாயமே. ஆகையால் மண்டபத்தைப் பின்புறக் காலி மனையில் கட்டுவோம். முன்கட்டைப் பழுதுபார்த்து, திண்ணைக் கடையை அவருக்கே சொற்ப வாடகைக்கு விடுவோம். மண்டபம் சிறிதாகும்; வருமானமும் குறையும். அக்குறையை அங்கத்தினர் சந்தாவை உயர்த்தி நிரப்பலாம். நமது சந்தாவை இன்றே இரட்டிப்பாகச் செலுத்தச் சித்தமாயிருக்கிறோம்.

இத்திருத்தத்தை மகாசபையார் ஏற்றருளுமாறு வேண்டி அமர்கிறோம்.