அரசு வழக்குரைஞர் யாருடைய வழக்குரைஞர்?



கால்வாய்க் கரையில் அரைக்காணி நிலம். பாட்டன் உழுதது, தந்தை உழுதது. ஒருநாள் அஃது அரசுப் புறம்போக்கு என்றோர் ஓலை வருகின்றது. உழவன் திருவள்ளூர் வழக்குமன்றத்தின் படியேறுகின்றான். அங்கே அவனுக்கு எதிராக எழுந்து நிற்பவர் அரசு வழக்குரைஞர். அவர்க்குத் தரப்படும் கூலியில் அவ்வுழவன் செலுத்திய வரிக்காசும் உண்டு. அவ்வாறாயின், அவர் யாருடைய வழக்குரைஞர்?

பட்டா, புறம்போக்கு, தொழிற்பேட்டைக்கெனக் கையகப்படுத்திய நிலத்துக்கு இழப்பீடு, ஓய்வூதிய நிலுவை என அரசின்மீது வரும் உரிமையியல் வழக்குகள் பலவகை. அவ்வழக்குகளில் அரசுக்காக அழைப்பாணை பெறுபவர் அவர். வட்டாட்சியர் அலுவலகக் கோப்பைப் பார்த்து எதிருரை எழுதுபவர் அவர். தோற்றபின் மேல்முறையீடு தகுமா, தகாதா என்று கருத்துரைப்பவரும் அவர். ஒரு குடும்பத்தின் வாழ்வு அவருடைய எழுதுகோல் முனையில் நிற்கின்றது.

அரசின்மீது வழக்குத் தொடுப்போர் இரண்டு திங்களுக்கு முன்பே எழுத்தில் அறிவிப்புத் தருதல் வேண்டும் என்பது உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 80-ஆம் பிரிவு. எதற்காக இந்த இரண்டு திங்கள்? கோரிக்கை முறையானதாயின் வழக்கின்றியே அரசு அதனைத் தீர்த்துவைக்கட்டும் என்பதற்காக! நடப்பது என்ன? அறிவிப்பு கோப்புக்குள் உறங்குகின்றது. சேலம் வழக்குரைஞர் சங்கம் தொடுத்த வழக்கில், இவ்வறிவிப்புகளுக்குப் பெரும்பாலும் விடையே வருவதில்லை, வந்தாலும் மழுப்பலாகவே வருகின்றது என்பதனை 2005-இல் உச்ச நயமன்றமே எடுத்துக்காட்டியது. விடையளிக்கும் பொறுப்பைத் தனி அலுவலர் ஒருவரிடம் ஒப்படைக்குமாறும் அரசுகளைப் பணித்தது. மக்கள் கேட்கவேண்டியதை மன்றம் கேட்டது!

அடுத்தது மொழி. தமிழ் ஆட்சிமொழிச் சட்டம் 1956-இல் வந்தது. 1976-இல் அது திருத்தப்பட்டு, உயர் நயமன்றத்துக்குக் கீழுள்ள மன்றங்களில் சான்றுரைக்கும் தீர்ப்புக்கும் தமிழ் உரிமை பெற்றது. உயர் நயமன்றத்தில் தமிழ் வேண்டுமென்று 2006-இல் சட்டப்பேரவை தீர்மானம் இயற்றியும் நடுவண் அரசு இசையவில்லை. வடநாட்டில் நான்கு மாநிலங்களின் உயர் நயமன்றங்களில் இந்தி இடம்பெற்றுள்ளது. அங்கே கதவை அடைத்தவர் பிறர். திருவள்ளூரில் எதிருரையைத் தமிழில் எழுதவொட்டாமல் தடுப்பவர் யார்? தன் நிலத்தைப் பறிக்கும் உரையைப் பிறர் படித்துச் சொல்லக் கேட்டு ஒரு தமிழன் விழிப்பது யார் குற்றம்?

நிலத்தைப் பற்றித் தமிழில் எழுத முடியாதா? அருகிலுள்ள திருவாலங்காட்டுச் செப்பேடுகளைக் காண்க. இராசேந்திர சோழன் தன் 6-ஆம் ஆட்சியாண்டில் பழையனூரை அவ்வூர்க் கோயிலுக்கு வழங்கிய ஆவணம் அது. 31 ஏடுகள் கொண்டது. மன்னர் குலப்புகழ் பாட வடமொழி வந்தது. ஊரின் எல்லையையும் வரியையும் உரிமையையும் வரையறுக்க வேண்டிய இடத்தில் தமிழே நின்றது. ஆயிரம் ஆண்டுக்கு முன்னர் இயன்றது இன்று இயலாதா?

அதே பழையனூரைப் பற்றிய நீலி கதையை இவ்வட்டாரத்தார் அறிவர். வணிகன் ஒருவனுக்குப் பிணை நின்ற வேளாளர் எழுபதின்மர், அவன் இறந்துபட்டான் என்றறிந்ததும் சொன்ன சொல்லைக் காக்கத் தீப்பாய்ந்தனர் என்பது கதை. பேய்க்கதையை விடுக, அதன் உயிர்க்கருத்தைக் கொள்க. மன்றத்தில் அரசு வழக்குரைஞர் தரும் உறுதிமொழி ஒரு தனியாளின் சொல்லன்று, நாட்டின் சொல். "தீர்ப்பு வரும்வரை நிலத்தில் கைவைக்க மாட்டோம்" என்று காலையில் சொல்லிவிட்டு, மாலையில் வரப்பை இடிக்க விடுவது அச்சொல்லைக் கொல்வதாகும்.

உழவனை வீழ்த்துவதன்று, உண்மையை மன்றத்தின்முன் வைப்பதே அரசு வழக்குரைஞரின் வெற்றி. பொய்க்கோரிக்கையாயின் அவர் உறுதியாக மறுக்கட்டும். ஊர்ப்பொதுநிலத்தைக் கவர்வோரிடமிருந்து அதனை மீட்கட்டும். மெய்க்கோரிக்கையாயின், "இதனைக் கொடுத்துவிடுக" என்று அரசுக்கே எழுதும் துணிவு அவருக்கு வேண்டும்.

பெருமக்களே! அறிவிப்புக்கு இரண்டு திங்களில் விடை கேளுங்கள். எதிருரையைத் தமிழில் கேளுங்கள். சொன்ன சொல்லைக் காக்கும்படி கேளுங்கள். இவை இரப்பு அல்ல, உரிமை!

வெல்க தமிழ்!